மைதான வாசலில் செக்யூரிட்டி: எதுவரை போகலாம், எங்கே நிற்க வேண்டும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் பொங்கல் முடிந்த கையோடு போட்டிகள் தொடங்கிவிடும். மின்னொளிக் கபடி, கைப்பந்து, டென்னிஸ் பால் கிரிக்கெட் என்று சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர் பக்கமெல்லாம் ஃபிளெக்ஸ் கட்டுவார்கள். முன்பு ஊர் இளைஞர்களே கயிறு பிடித்துக் கூட்டத்தைச் சமாளித்தார்கள். இப்போது பரிசுத்தொகை பெரிதாக இருக்கும் இடங்களில் விழாக்குழுவினர் ஏஜென்சியிடம் சொல்லி நாலைந்து செக்யூரிட்டிகளை வரவழைக்கிறார்கள். இந்த ஊர்களிலிருந்து வேன் ஏறி, ஐபிஎல் நாட்களில் சேப்பாக்கம் வாசலில் நிற்கப் போகிறவர்களும் உண்டு.

அப்படி ஒரு வாசலில் முதன்முதலாக நிற்கப் போகும் உங்களுக்காகத்தான் இந்த அத்தியாயம். எப்படி நிற்பது, எப்படி விசில் அடிப்பது என்பதை ஏஜென்சியில் காட்டிவிடுவார்கள். எதைச் செய்யக் கூடாது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. வழக்கில் மாட்டிக்கொள்கிற செக்யூரிட்டிகளில் பலர் சோம்பேறிகள் அல்ல. ஆர்வக்கோளாறில் எல்லை தாண்டியவர்கள்.

உங்கள் அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

இரண்டே இடங்களிலிருந்து வருகிறது.

முதலாவது, மைதானத்தை நடத்துபவரின் உரிமை. யாரை உள்ளே விடுவது, என்ன நிபந்தனையில் விடுவது, யாரை வெளியே போகச் சொல்வது என்பதை அவர் தீர்மானிக்கலாம். அதை உங்கள் வாயால் சொல்ல வைக்கிறார். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டிக்கெட் போட்டு, சுற்றிலும் தட்டி கட்டி நடத்தும் போட்டியில் இந்த உரிமை தெளிவாக இருக்கும். ஊர்ப் பொதுத் திடலில் இலவசமாக நடக்கும் கபடியில் அது மிகவும் மெலிந்தது. அங்கே களத்துக்கும் மேடைக்கும் மட்டும் எல்லை போடலாம். திடலுக்கே வராதே என்று ஒருவரிடம் சொல்ல உங்களால் முடியாது.

இரண்டாவது, நாட்டில் உள்ள எல்லோருக்கும் இருக்கும் உரிமை. தன்னையும் பிறரையும் காத்துக்கொள்ளலாம். கண் முன்னே கடும் குற்றம் நடந்தால் பிடித்துப் போலீசிடம் ஒப்படைக்கலாம். டீக்கடைக்காரருக்கு இருக்கும் அதே உரிமைதான் உங்களுக்கும். சீருடை போட்டதால் அது கூடுவதில்லை.

டியூட்டிக்கு முன்: ஐந்து வேலைகள்

1. ஏஜென்சியின் உரிமத்தைக் கேளுங்கள். தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம் 2005-இன்படி உரிமம் இல்லாமல் ஏஜென்சி நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். உரிமம் இல்லாத ஏஜென்சியில் சேர்ந்தால், பிரச்சினை வரும்போது உங்களுக்காகப் பேச ஆள் இருக்காது.

2. பயிற்சியை முடியுங்கள். மத்திய அரசின் மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் கேட்கின்றன. குறைந்தது 20 வேலை நாட்களில் அது நடக்க வேண்டும். முன்னாள் ராணுவத்தினருக்கும் முன்னாள் போலீசாருக்கும் மட்டும் 40 மணி நேர வகுப்பும் 16 மணி நேரக் களமும் போதும். காலையில் சட்டை கொடுத்து மாலையில் வாசலில் நிறுத்தும் ஏஜென்சியை நம்பாதீர்கள்.

3. சீருடையைச் சரிபாருங்கள். போலீஸ், ராணுவச் சீருடையோ, பார்வைக்கு அப்படித் தோன்றும் உடையோ அணிந்தால் அணிந்தவருக்கும் ஏஜென்சி உரிமையாளருக்கும் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காக்கிச் சட்டை, தோளில் நட்சத்திரம், போலீஸ் மாதிரி தொப்பி என்று கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காக்கி போட்டால்தான் கூட்டம் பயப்படும் என்று விழாக்குழுவினர் சொல்வார்கள். கூட்டம் பயப்பட வேண்டாம்; நீங்கள் யார் என்று தெரிந்தால் போதும்.

4. புகைப்பட அடையாள அட்டையை மேல்சட்டையில், இடுப்புக்கு மேலே, எல்லோருக்கும் தெரியும்படி அணியுங்கள். விசில், நோட்டு, பேனா மூன்றும் பையில் இருக்கட்டும். நோட்டும் பேனாவும் விதியிலேயே இருக்கின்றன. இரவு ஆட்டம் என்றால் டார்ச்சும் வேண்டும்.

5. உங்கள் வேலை என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். அரைப் பக்கம் போதும்.

இந்த ஐந்தாவதைத்தான் எல்லோரும் தட்டிக்கழிப்பார்கள். நம்ம ஊருக்குள்ளே எதற்குங்க எழுத்து என்பார்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் போய்ப் பாருங்கள். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊர் வாரியத்தில் யார் உறுப்பினராகலாம், எந்த வயதுக்குள் இருக்க வேண்டும், கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் ஏன் வரக் கூடாது என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். பதவியின் எல்லையைக் கல்லில் வெட்டிய ஊரில் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேட்பது தவறே இல்லை.

அந்தத் தாளில் இவை இருக்க வேண்டும்:

- எந்த வாசல், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை.
- உள்ளே எடுத்துப்போகக் கூடாத பொருட்கள் எவை.
- அந்த வாசலில் முடிவெடுக்கும் விழாக்குழு ஆள் யார்.
- போலீசுக்கு யார் தகவல் சொல்வார்.
- ஒவ்வொரு கதவின் சாவியும் யாரிடம் இருக்கும்.

*குறிப்பு:* வாசலுக்கு ஒரு ஊர்க்காரர் நிச்சயம் வேண்டும். எம்எல்ஏ கூட வந்தவர்கள், முன்னாள் தலைவரின் மருமகன், ஸ்பான்சரின் நண்பர்கள் என்று பாஸ் இல்லாமல் வருபவர்கள் எந்தப் போட்டியிலும் உண்டு. அவர்களோடு நீங்கள் மல்லுக்கட்டக் கூடாது. "ஒரு நிமிஷம் இருங்கண்ணா, கமிட்டி அண்ணன் வந்து பேசுவார்" என்று சொல்லிவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். விடுவதும் விடாததும் அவர் முடிவு. யார் சொல்லி விட்டோம் என்பதை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாசலில் சோதனை: வரிசைப்படி

1. நுழைவுக்கு முன்னாலேயே, ஆள் உயரத்தில், தடை செய்த பொருட்களின் பட்டியலைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பாதித் தகராறு இதிலேயே அடங்கிவிடும்.

2. முதலில் வணக்கம், பிறகு டிக்கெட், அதற்குப் பிறகுதான் பை. வயதில் பெரியவரை "ஐயா", "அம்மா" என்றும், மற்றவர்களை "அண்ணா", "அக்கா", "தம்பி" என்றும் கூப்பிடுங்கள். ஒருமையில் ஆரம்பித்த வாக்குவாதம் ஒருபோதும் நல்லபடியாக முடிந்ததில்லை.

3. பையை அவரையே திறக்கச் சொல்லுங்கள். உங்கள் கை உள்ளே போக வேண்டாம். டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே இருக்கும் துணியை அவரே நகர்த்திக் காட்டட்டும்.

4. உடலைத் தொட்டுச் சோதிக்க அவருடைய சம்மதம் வேண்டும். பெண்களைப் பெண் செக்யூரிட்டி மட்டும், மறைவான தடுப்புக்குள் சோதிக்க வேண்டும். பெண் செக்யூரிட்டி இல்லையென்றால் உடல் சோதனையே கிடையாது.

5. சோதனைக்கு ஒருவர் மறுத்தால், உள்ளே விட முடியாது என்று சொல்லலாம். அவ்வளவுதான். கையைப் பிடித்து இழுத்துப் பாக்கெட்டில் கை விடும் அதிகாரம் உங்களுக்குக் கிடையாது.

6. தடை செய்த பொருள் இருந்தால் மூன்று வழிகளைச் சொல்லுங்கள்: வண்டியில் வைத்துவிட்டு வரலாம், டோக்கன் போட்டு விழாக்குழு மேசையில் கொடுக்கலாம், திரும்பிப் போகலாம். பறிமுதல் என்ற சொல்லை நீங்கள் பயன்படுத்தவே கூடாது.

7. கத்தி, அரிவாள் போன்றவை கண்ணில் பட்டால் தொடாதீர்கள், பிடுங்க முயலாதீர்கள். அவரை வரிசையிலிருந்து ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, பக்கத்து ஆளுக்குக் கண்ணைக் காட்டி, போலீசுக்குத் தகவல் கொடுங்கள். அவர் திரும்பி ஓடினால் ஓடட்டும். ஆளின் அடையாளமும் வண்டி எண்ணும் போதும்.

*வழக்கமான தவறு:* வீடியோ எடுக்கிறார் என்பதற்காகப் பார்வையாளரின் கைபேசியைப் பிடுங்குவது, படத்தை அழிக்கச் சொல்லி மிரட்டுவது. இரண்டையும் செய்யாதீர்கள். படம் எடுக்கக் கூடாது என்பது போட்டி விதியாக இருந்தால் அதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் விழாக்குழுவிடம் விடுங்கள். உங்கள் கை அந்த போனில் பட்ட நொடியிலிருந்து பிரச்சினை உங்களுடையதாகிவிடும்.

"எந்தத் தெரு?" என்று கேட்காதீர்கள்

இதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்துப் போட்டிகளில் அணிகள் ஊரின் பெயரிலும் தெருவின் பெயரிலும் களமிறங்குகின்றன. வாசலில் நிற்பவர் ஓர் இளைஞனை நிறுத்தி "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்டால் அது எதை விசாரிக்கும் கேள்வி என்று இருவருக்கும் தெரியும். டிக்கெட் வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டியது டிக்கெட் மட்டும்தான். ஒரு தெருக்காரர்களை மட்டும் கூடுதலாகச் சோதிக்கச் சொல்லி யார் சொன்னாலும் செய்யாதீர்கள். பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். கோபத்தில் வந்துவிட்டது என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

சட்டத்தை விடுங்கள். தோற்ற அணியின் ஆட்கள் அவமானத்தோடு வெளியேறும் இரவு பதினோரு மணிக்கு, வாசலில் நிற்பவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல் இரண்டு ஊர்களைப் பல மாதங்களுக்குப் பகையாக்கிவிடும். உங்களை நிறுத்தியிருப்பது அதைத் தடுக்கத்தான்.

உள்ளே: முதுகு ஆட்டத்துக்கு, முகம் கூட்டத்துக்கு

கயிற்றோரம் நிற்கும் செக்யூரிட்டி ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. கேட்பதற்கு எளிது, கடைசி ரெய்டில் இரண்டு புள்ளி தேவைப்படும் நேரத்தில் திரும்பாமல் நிற்பது கஷ்டம். ஆனால் கூட்டம் களத்துக்குள் பாய்வதும் அந்த நொடியில்தான். கூட்டத்தின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாலே களத்தில் என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

நடுவரின் தீர்ப்பில் தகராறு வந்தால்:

1. நடுவர் பக்கம் போய் நில்லுங்கள், கூட்டத்தைப் பார்த்தபடி. கைகளைத் திறந்து, உள்ளங்கை வெளியே தெரிய, மார்பு உயரத்தில் வையுங்கள். விரல் நீட்டாதீர்கள்.
2. தீர்ப்பு சரியா தவறா என்று ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். அணி மேலாளர்கள் இருவரைத் தவிர மற்றவர்களைக் கயிற்றுக்கு வெளியே போகச் சொல்லுங்கள்.
3. வர்ணனையாளருக்குச் சைகை காட்டுங்கள்.

இந்த மூன்றாவது பெரிய உதவி. நம் ஊர்க் கபடியில் மைக் பிடிப்பவரின் குரலுக்கு இருக்கும் மரியாதை எந்த விசிலுக்கும் கிடையாது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அவரிடம் போய், நான் கையைத் தூக்கி இப்படிக் காட்டினால் "எல்லோரும் அவங்கவங்க இடத்துல உட்காருங்க, ஆட்டம் நின்னிருக்கு" என்று சொல்லுங்கள் அண்ணா என்று பேசி வையுங்கள். எந்தச் சைகைக்கு எந்த வாசகம் என்று அவர் தாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பொருள் வீசினால் வரிசைக்குள் தனியாக ஏறிப் போகாதீர்கள். 2018 ஏப்ரல் 10-ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னை, கொல்கத்தா அணிகள் ஆடியபோது, காவிரிப் போராட்டத்தின் சூட்டில் எல்லைக்கோட்டருகே காலணி வந்து விழுந்தது. அந்தப் பருவத்தின் மீதி உள்ளூர் ஆட்டங்கள் புணேவுக்குப் போயின. இந்த மாதிரி நேரத்தில் செக்யூரிட்டியின் வேலை எந்த வரிசை, எந்த இருக்கை, என்ன நிறச் சட்டை என்று குறித்து மேலே சொல்வது. ஆளைத் தூக்குவது போலீஸ் வேலை.

பிடித்து வைக்கலாமா?

இந்தக் கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு, தனிநபர் ஒருவர் மற்றொருவரைக் கைது செய்ய அனுமதிக்கிறது. நீதிமன்றம் அறிவித்த தலைமறைவுக் குற்றவாளி என்றால் தனி. மற்றபடி இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே இருக்க வேண்டும்:

- குற்றம் உங்கள் முன்னிலையில் நடக்க வேண்டும். யாரோ வந்து சொன்னது போதாது.
- போலீஸ் வாரண்ட் இல்லாமலேயே கைது செய்யக்கூடியதாகவும், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாததாகவும் இருக்கும் கடும் குற்றமாக இருக்க வேண்டும்.

பிடிபட்டவரைத் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும். ஆறு மணி நேரம் என்பது வைத்திருக்கலாம் என்று கொடுத்த அவகாசம் அல்ல. உத்திரமேரூர் காவல் நிலையத்துக்கு உடனே போன் போக வேண்டும்.

கண் முன்னே கழுத்துச் சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடுவது, ஒருவரைக் கொல்லும் நோக்கில் வெட்டுவது – இவை இந்தப் பிரிவுக்குள் வரும். டிக்கெட் இல்லாமல் சுவர் ஏறிக் குதித்தது, குடித்துவிட்டுச் சத்தம் போட்டது, களத்துக்குள் ஓடி வீரரைக் கட்டிப்பிடித்தது – இவற்றுக்காக ஒருவரைப் பிடித்து ஜெனரேட்டர் அறையில் உட்கார வைத்தால் குற்றவாளி நீங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவு, சட்டத்துக்குப் புறம்பாக ஒருவரை அடைத்து வைப்பதற்கு ஓராண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய் விடுவதோடு உங்கள் வேலை முடிந்தது.

சந்தேகம் இருந்தால் பிடிக்காதீர்கள். பிடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால்:

1. ஏன் நிறுத்தினீர்கள் என்பதைச் சத்தமாக, சாட்சிகள் கேட்கும்படி சொல்லுங்கள்.
2. உடனே 112 அல்லது 100. போன் போட்ட நேரத்தைக் குறியுங்கள்.
3. எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், வெளிச்சத்தில், உட்கார வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். கூட்டம் அவரை அடிக்காமல் காப்பதும் இப்போது உங்கள் பொறுப்பு.
4. சட்டைப்பையைச் சோதிக்காதீர்கள். பிடிபட்டவரைச் சோதிப்பது போலீசின் உரிமை.
5. வாக்குமூலம் வாங்காதீர்கள், மன்னிப்புக் கடிதம் எழுத வைக்காதீர்கள், வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.
6. நோட்டில் எழுதுங்கள்.

நோட்டில் எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு மாதிரி: "இரவு 9.40. மேற்கு வாசல். பச்சைச் சட்டைக்காரர் ஒரு அம்மாவின் கழுத்துச் சங்கிலியை அறுத்து ஓடியதை நேரில் பார்த்தேன். நானும் தெற்கு வாசல் செக்யூரிட்டியும் நிறுத்தினோம். 9.42-க்கு 112-க்குச் சொன்னேன். 10.15-க்கு எஸ்.ஐ. வந்து அழைத்துச் சென்றார். பச்சைச் சட்டைக்காரரின் கையில் சிராய்ப்பு, கீழே விழுந்ததால்." பார்த்தது, செய்தது, நேரம். உங்கள் அபிப்பிராயம் அதில் வேண்டாம். சிராய்ப்பை மறைக்காமல் எழுதியதைக் கவனியுங்கள். பிறகு அடித்தார்கள் என்ற புகார் வந்தால் அந்த ஒரு வரிதான் துணை நிற்கும்.

கம்பு வேண்டாம்

விழாக்குழுவினர் சிலர் ஆளுக்கொரு லத்தி வாங்கிக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். தடியடி நடத்தும் அதிகாரம் உங்களுக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. கையில் கம்பு இருந்தால் கை ஓங்கும்.

தற்காப்பு உரிமை உண்டு. அதற்கு அளவும் உண்டு: தாக்குதலைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் ஓர் அடி கூடப் போகக் கூடாது. தாக்கியவர் திரும்பி ஓடத் தொடங்கியதும் அந்த உரிமை முடிந்துவிட்டது. துரத்திப் போய் அடித்தால் அது தற்காப்பு ஆகாது, அடிதடி வழக்கு.

தண்ணி போட்டுவிட்டு வருபவர்தான் வாசலில் உங்கள் பொறுமையை அதிகம் சோதிப்பார். இருவராகச் சேர்ந்து அணுகுங்கள். அவருடைய நண்பரிடம் பேசுங்கள், அவரிடம் அல்ல. வீட்டுக்கு அனுப்பும்போது வண்டிச் சாவியை நண்பரிடம் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மயங்கி விழுந்தவரைக் குடிகாரர் என்று ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து மூச்சைக் கவனித்து 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை குறைந்தவரும் அப்படித்தான் தள்ளாடுவார்.

விழாக்குழுத் தலைவர், "நாலு சாத்து சாத்தி அனுப்புப்பா" என்பார். பதில் இதுதான்: "அது என் வேலை இல்லைங்க ஐயா. போலீசுக்குச் சொல்லட்டுமா?" குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். அவர் சொன்னதால் அடித்தேன் என்பது உங்களைக் காப்பாற்றாது. வழக்கில் முதல் பெயர் அடித்தவருடையதுதான்.

சிறுவர்கள்

வேலி தாண்டும் பையன்களை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். கீழே இறக்கி, காயம் இருக்கிறதா என்று பார்த்து, வாசல் வழியாக அனுப்புங்கள். தோப்புக்கரணம் போட வைப்பது, சட்டையைக் கழற்றி நிற்க வைப்பது, போட்டோ எடுத்து மிரட்டுவது எதுவும் கூடாது. வழி தவறிய குழந்தையை மேடைக்கு அருகில், ஒரு பெண் உறுப்பினரோடு உட்கார வைத்து மைக்கில் சொல்ல வையுங்கள். அறிவிப்பில் குழந்தையின் பெயரைச் சொல்ல வேண்டாம். தேடி வருபவரிடம் பெயரைக் கேட்டு, குழந்தை அவரை அடையாளம் காட்டிய பிறகு அனுப்புங்கள். யாரும் வராவிட்டால் 1098.

கேலரி: உங்களுக்குப் பொறியியல் தெரிய வேண்டியதில்லை

2021 மார்ச் 22-ஆம் தேதி தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டி தொடங்கும் வேளையில் தற்காலிக கேலரி சரிந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் பூங்கோட்டில், செவன்ஸ் கால்பந்துப் போட்டியில் இன்னொன்று சரிந்தது. இரண்டிலும் காயமடைந்தவர்கள் நூற்றுக்கும் மேல். நம் பக்கம் சவுக்குக் கட்டையும் கயிறும் வைத்துக் கட்டும் கேலரிக்கும் இதே ஆபத்து உண்டு.

கேலரி உறுதியானதா என்று சான்று தருவது உங்கள் வேலை இல்லை. அப்படி யாராவது கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். ஆனால் ஆள் ஏறுவதை நிறுத்தச் சொல்ல உங்களால் முடியும். விழாக்குழுவிடம் முன்கூட்டியே எத்தனை பேருக்குக் கட்டியது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மழை பெய்து தரை ஊறியிருந்தால், கட்டுக்கயிறு தளர்ந்திருந்தால், கட்டை முறுக்கும் சத்தம் கேட்டால், ஒரே தாளத்தில் ஆட்கள் குதித்தால், கேலரிக்கு அடியில் யாராவது உட்கார்ந்திருந்தால் உடனே செயல்படுங்கள்:

1. ஏறும் வழியை மூடுங்கள்.
2. அடியில் இருப்பவர்களை வெளியேற்றுங்கள். பஜ்ஜிக் கடையானாலும் சரி.
3. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி மைக்கில் அமைதியாக அறிவிக்க வையுங்கள்.
4. கீழ் வரிசையிலிருந்து ஒவ்வொரு வரிசையாக இறக்குங்கள். "விழப்போகுது" என்று கத்தாதீர்கள்.

விழாக்குழு மறுத்தால் நேரத்தோடு எழுதிவிட்டு 112-க்குச் சொல்லுங்கள். இந்த ஒன்றில் மட்டும் மேலிடத்து அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

நெரிசலும் கதவும்

2025 ஜூன் 4-ஆம் தேதி பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே, ஆர்சிபி கோப்பை வென்ற கொண்டாட்டத்தில் 11 பேர் இறந்தார்கள். மைதானத்துக்குள் ஆட்டம் எதுவும் நடக்கவில்லை; வாசல்களில்தான் நெரிசல். 2022 அக்டோபர் 1-ஆம் தேதி இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீச, கூட்டம் குறுகலான வாசல்களில் போய் முட்டி 135 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இவர்கள் மிதிபட்டுச் சாவதில்லை. மார்பு விரிய இடம் இல்லாமல், நின்ற நிலையிலேயே மூச்சு முட்டிச் சாகிறார்கள்.

ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நின்றால் ஆபத்து தொடங்கிவிட்டது. எண்ணிப் பார்க்க நேரம் இருக்காது, அடையாளங்களைப் பாருங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் தவிப்பார்கள். கூட்டம் மொத்தமாக இப்படியும் அப்படியும் அலையும். முன்வரிசையில் குழந்தைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் கொடுப்பார்கள். கூச்சல் குறைந்து முனகல் கேட்கும்.

அப்போது:

1. டிக்கெட் சோதனையை அந்தக் கணமே விடுங்கள். கதவை முழுதாகத் திறந்துவிடுங்கள். நூறு பேர் ஓசியில் பார்த்துவிட்டுப் போகட்டும்.
2. நெருக்கம் முன்னால், தள்ளுவது பின்னால். ஆகவே பின்னால் இருப்பவர்களை நிறுத்த வேண்டும். ஒருவர் சாலைப் பக்கம் ஓடி வரவை நிறுத்த, மைக்கில் "பின்னாடி இருக்கறவங்க பத்து அடி பின்னால போங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வையுங்கள்.
3. முன்னால் நிற்பவர்களைத் திருப்பித் தள்ளாதீர்கள். விசில் அடித்து அவசரப்படுத்தாதீர்கள்.
4. விழுந்தவரை முதலில் தூக்குங்கள். மூச்சில்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு மார்பின் நடுவில் இரு கைகளாலும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி மாற்றித் தொடருங்கள்.

ஆம்புலன்ஸ் வழி பற்றி ஒன்று. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஒரு கபடி ஆட்டத்தின் நடுவிலேயே இளம் வீரர் ஒருவர் விழுந்து உயிரிழந்தார். எந்தப் போட்டியிலும் இது நேரலாம். களத்திலிருந்து சாலை வரை ஒரு வண்டி வரும் அகலத்துக்கு வழி விட்டு, அதில் பைக் நிறுத்தாமல் பார்ப்பது உங்கள் எல்லைக்குள் வரும் வேலைகளிலேயே முக்கியமானது. கழுத்தில் அடிபட்ட வீரரை நாலு பேர் கையைக் காலைப் பிடித்துத் தூக்க விடாதீர்கள்.

தட்டி கட்டும்போது வரவுக்கு ஒரு வாசல், அவசரத்துக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு வாசல் என்று விட்டிருப்பார்கள். ஓசியில் ஆள் நுழைகிறார்கள் என்று சொல்லி அந்த இரண்டாவதைப் பூட்டச் சொல்வார்கள். பூட்டாதீர்கள்; ஆள் நிறுத்துங்கள். பூட்டித்தான் ஆக வேண்டும் என்று விழாக்குழு பிடிவாதம் பிடித்தால், சாவியோடு ஒருவர் அந்தக் கதவருகிலேயே, ஆட்டம் முடிந்து கடைசி ஆள் போகும் வரை, நிற்க வேண்டும். அதற்கும் அவர்கள் ஒப்பவில்லை என்றால் அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு, சூப்பர்வைசரிடம் காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, வேறு டியூட்டி கேளுங்கள்.